பென்டிரைவில் குடியிருக்கும் லினக்ஸ்: வலுக்குறைந்த மடிக்கணினிகளுக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் ஊர் நூலகத்தின் பின்னறையில் பழைய மடிக்கணினிகளோடு உட்கார்ந்திருப்பது என் வழக்கம். அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்து, பிறகு தங்கை கல்லூரிக்குக் கொண்டுபோய், கடைசியில் பரணுக்குப் போய்விட்ட லேப்டாப்புகளைத் தூசி தட்டி எடுத்து வருகிறார்கள். சிலவற்றில் ஹார்ட் டிஸ்க் செத்திருக்கும். சிலவற்றில் விண்டோஸ் திறந்து முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். அவற்றில் பலவற்றை, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் உள்ள ஒரு பென்டிரைவை மட்டும் வைத்து எழுப்பி நடமாட விட்டிருக்கிறோம். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், நிதானமாகச் சொல்ல நினைத்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

பென்டிரைவிலிருந்து கணினியை ஓட்டுவது என்றால், விண்டோஸ் நிறுவப் பயன்படுத்தும் பென்டிரைவ் போன்றதா?

இல்லை. நிறுவும் பென்டிரைவ் கணினிக்குள் ஒரு முறை இயங்குதளத்தை இறக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இங்கே நாம் பேசுவது பென்டிரைவிலேயே குடியிருக்கும் இயங்குதளத்தைப் பற்றி. செருகினால் உங்கள் கணினி, கழற்றினால் பழைய கணினி. உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைத் தொட வேண்டியதே இல்லை. ஹார்ட் டிஸ்க்கே இல்லாவிட்டாலும் ஓடும்.

ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் நாப்பர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நாப்பிக்ஸ் என்ற லினக்ஸ் இந்த வழியைப் பரவலாக்கியது. அப்போது பென்டிரைவ் அரிது, எல்லாம் குறுந்தகட்டில்தான். சுமார் 2 ஜி.பி. மென்பொருளை இறுக்கிச் சுருக்கி 700 எம்.பி. தகட்டுக்குள் அடைத்திருந்தார். நிறுவாமலே ஓடும் இன்றைய லைவ் லினக்ஸ்களும் ஏறக்குறைய அதையேதான் செய்கின்றன. முழு இயங்குதளமும் சுருக்கப்பட்ட ஒரே பெரிய கோப்பாக இருக்கும். அதைப் படிக்கலாம், அதில் எழுத முடியாது. நீங்கள் செய்யும் மாற்றங்களெல்லாம் அதன்மேல் விரித்த இன்னொரு அடுக்கில் விழும். பாடப்புத்தகத்தின் மேல் டிரேசிங் தாளை வைத்து எழுதுவதை நினைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் கீறல் விழாது, எழுதியது மட்டும் மேலே தெரியும். அந்த மேல்தாளை எங்கே வைப்பது என்பதில்தான் இந்த முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

எந்த மடிக்கணினிகளுக்கு இது பயன்படும்?

மின்சாரத்தைக் கொஞ்சமாகக் குடிக்கும் செயலிகள் கொண்ட சிறிய கணினிகளுக்கு. 2008ஐ ஒட்டி வந்த நெட்புக்குகளில் இன்டெல் ஆட்டம் என்270 இருக்கும். செயலி வெளியேற்றும் வெப்பம் வெறும் 2.5 வாட். 2010இல் என்450 வந்தது. 2014ஐ ஒட்டி இசட்3735எஃப் செயலியும் 2 ஜி.பி. ராமும் 32 ஜி.பி. உட்சேமிப்பும் கொண்ட மெல்லிய கணினிகள் வந்தன. இன்னும் பின்னால் வந்தவற்றில் செலரான் என்4000, என்4020 போன்ற 6 வாட் செயலிகள்.

தமிழ்நாட்டு வீடுகளில் இன்னொரு வகையும் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசு நிறுவனமான எல்காட் வாங்கி, மாணவர்களுக்கு வழங்கப்பட்டவை. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தவற்றைப் பார்த்திருப்பீர்கள். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய அந்த பாஸ், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே லினக்ஸ் இந்தக் கணினிகளுக்கு வெளியாள் இல்லை.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏற்க மறுக்கும் கணினிகள் அதனால் ஒரே நாளில் குப்பையாகிவிடவில்லை. திரை தெரிகிறது, விசைப்பலகை அடிக்கிறது, 2 ஜி.பி. ராம் இருக்கிறது என்றால் எனக்கு அது உயிருள்ள கணினி.

என் செயலி 32 பிட்டா 64 பிட்டா என்று ஏன் முதலில் கேட்கிறீர்கள்?

செயலி ஒரே தடவையில் கையாளும் தரவின் அளவைச் சொல்வது இந்தப் பிட் கணக்கு; அதற்குப் பொருந்தாத படத்தை (இயங்குதளம் முழுவதும் அடங்கிய கோப்பை) பென்டிரைவில் எழுதினால் கறுப்புத் திரையில் ஒரு வரிப் பிழைச் செய்தியோடு நின்றுவிடும் என்பதால். என்270 வெறும் 32 பிட். என்450 முதல் பெரும்பாலும் 64 பிட். செயலியின் பெயர் விசைப்பலகைக்குக் கீழே உள்ள ஒட்டியிலோ, கணினி எழும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயாஸிலோ இருக்கும்.

32 பிட் கணினிகளுக்குக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. உபுண்டு என்ற லினக்ஸ் 17.10 பதிப்போடு 32 பிட் டெஸ்க்டாப் படங்களை நிறுத்திவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவியும் கெர்னலும் (இயங்குதளத்தின் மையக்கருவும்) இல்லை. டெபியன் 12க்கு 2028 ஜூன் வரை நீண்டகால ஆதரவு உண்டு. எனவே அதன்மேல் கட்டப்பட்ட லினக்ஸ்களே இப்போதைக்கு 32 பிட்டின் புகலிடம்.

ஒரு சங்கடமான கலப்பினமும் இருக்கிறது. மேலே சொன்ன இசட்3735எஃப் கணினிகள் பலவற்றில் செயலி 64 பிட், ஆனால் அதைத் தொடக்கிவைக்கும் யு.இ.எஃப்.ஐ. நிரல் 32 பிட். சாதாரண 64 பிட் பென்டிரைவைச் செருகினால் அங்கே ஒன்றுமே செருகாதது போல இருக்கும். பென்டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்று பென்டிரைவ் வாங்கியவரை எனக்குத் தெரியும். 32 பிட் யு.இ.எஃப்.ஐ.க்கான தொடக்கக் கோப்பும் உள்ள படத்தைத் தேர்ந்தெடுத்தால் சிக்கல் தீர்ந்தது.

எந்த லினக்ஸைப் போடுவது?

நான் கொடுப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று.

ஆன்டிஎக்ஸ்: டெபியன் அடிப்படை, 32 பிட், 64 பிட் இரண்டிலும் 23ஆம் பதிப்பு இருக்கிறது. 512 எம்.பி. ராம் உள்ள கணினியிலும் எழுந்து நிற்கும். பென்டிரைவில் குடியிருப்பதற்கென்றே அதில் செய்துவைத்திருக்கும் கருவிகளுக்கு இணையாக வேறெதிலும் நான் பார்த்ததில்லை. பார்ப்பதற்கு முகம் கொஞ்சம் கரடுமுரடு.

பப்பி: ஆஸ்திரேலியரான பேரி காலர் 2003இல் தொடங்கியது. தன்னை முழுவதும் ராமுக்குள் ஏற்றிக்கொண்டு ஓடுவதே அதன் பிறவிக்குணம். டெபியன் 12ஐ அடிப்படையாகக் கொண்ட புக்வோர்ம்பப், 32, 64 இரண்டிலும் கிடைக்கிறது. பழகுவதற்கு ஒரு வாரம் ஆகும். பழகியவர்கள் விடுவதில்லை.

4 ஜி.பி. ராமும் 64 பிட் செயலியும் இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான மேசைத்தளம் (திரைத் தோற்றம்) உள்ள எந்த டெபியன் வகை லினக்ஸும் போதும். க்னோம் போன்ற கனமான மேசைத்தளங்களை இந்தக் கணினிகளின் தலையில் ஏற்றாதீர்கள்.

எந்த பென்டிரைவ் வாங்கலாம்? 16 ஜி.பி. போதுமா?

கொள்ளளவு போதும். விநாடிக்கு எத்தனை சிறிய துண்டுகளை எழுத முடியும் என்பதுதான் கேள்வி, அதை எந்த அட்டைப்பெட்டியும் சொல்வதில்லை. பெட்டியில் இருக்கும் 100 எம்.பி., 150 எம்.பி. எல்லாம் ஒரே பெரிய கோப்பைப் படிக்கும் வேகம். இயங்குதளமோ சில்லறை சில்லறையாக எழுதும். அந்தச் சில்லறையில் மலிவான பென்டிரைவ்கள் விநாடிக்கு ஒரு எம்.பி.யைக்கூடத் தாண்டாமல் திணறும்.

மெமரி கார்டுகளில் ஏ1 என்ற முத்திரையைத் தேடுங்கள். விநாடிக்குக் குறைந்தது 1,500 முறை படிக்கவும் 500 முறை எழுதவும் அந்த கார்டு தேற வேண்டும் என்பது அதன் விதி. ஏ2 முத்திரைக்கு 4,000, 2,000 என்று கணக்கு கூடும், ஆனால் அந்த வேகம் வர கார்டைப் படிக்கும் கருவியும் ஒத்துழைக்க வேண்டும். பழைய கணினியில் ஏ2க்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். கார்டைச் சிறிய யு.எஸ்.பி. ரீடரில் போட்டுச் செருகுங்கள், ஏனெனில் பக்கவாட்டில் இருக்கும் கார்டு துளையிலிருந்து பல மடிக்கணினிகள் தொடங்குவதில்லை.

எல்லாவற்றையும்விட நல்லது, பழைய 120 ஜி.பி. சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வட்டு) ஒன்றை யு.எஸ்.பி. உறையில் போட்டுப் பயன்படுத்துவது. சட்டைப்பையில் கொஞ்சம் கனக்கும். ஆனால் இந்தப் பக்கத்தில் உள்ள பாதிக் கேள்விகளுக்கு அதற்குப் பிறகு தேவையே இருக்காது.

புதிதாக வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள். 64 ஜி.பி. என்று அச்சிட்டு உள்ளே 8 ஜி.பி. வைத்திருக்கும் போலிகள் சந்தையில் உண்டு. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற இலவசக் கருவிகள் முழு இடத்தையும் எழுதிப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். ஒரு இரவு ஓடவிட்டால் போதும்.

எல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஆனாலும் சுட்டி அப்படியே உறைந்து நிற்கிறது. செயலி போதவில்லையா?

இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியம். பெரும்பாலும் செயலிமேல் குற்றமில்லை. பென்டிரைவில் எழுதுவதால் வரும் நெரிசல் இது.

பென்டிரைவுக்குள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்துக்கு ஒரு வினோதமான குணம். எழுதுவது சில கிலோபைட் அளவுள்ள பக்கங்களாக, அழிப்பது பல நூறு கிலோபைட் முதல் சில எம்.பி. வரையுள்ள பெரிய கட்டங்களாக. எழுதிய இடத்தின்மேல் நேரடியாக மறுபடி எழுத முடியாது. ஆகவே ஒரு சின்னக் குறிப்பை மாற்ற வேண்டுமென்றாலும், உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு கட்டத்தில் உள்ளவற்றை வேறிடத்துக்கு நகர்த்தி, பழைய கட்டத்தை அழித்து இடம் தேட வேண்டியிருக்கும். எஸ்எஸ்டியில் இதற்கென்று நல்ல மூளை உண்டு. மலிவான பென்டிரைவில் கிடையாது. இணைய உலாவியோ ஒவ்வொரு பக்கத்துக்கும் தற்காலிகக் கோப்பு, வரலாறு, குக்கி என்று எழுதிக்கொண்டே இருக்கும். அது முடியும்வரை மற்ற எல்லாம் வரிசையில் காத்து நிற்கும்.

ஒரு முறை செவிலியர் படிப்பு மாணவி ஒருவர் செலரான் கணினியோடு வந்தார். 4 ஜி.பி. ராம், ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று தட்டிக்கொண்டிருந்தது. கடையில் யாரோ லினக்ஸ் போட்டுக்கொடுத்த பென்டிரைவைச் செருகியிருந்தார். உலாவியைத் திறந்தபடியே தன் திட்ட அறிக்கையில் 'முன்னுரை' என்று தட்டினார். திரையில் ஒன்றும் வரவில்லை. பென்டிரைவின் நீல விளக்கு சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருந்தது. பத்து விநாடி கழித்து நான்கு எழுத்தும் ஒன்றாக வந்து விழுந்தன. செயலி பத்து சதவீதம்கூட வேலை செய்யவில்லை.

கணினியை அணைத்து, தொடக்கத் திரையில் கெர்னல் வரியின் கடைசியில் டி, ஓ, ஆர், ஏ, எம் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சிறிய எழுத்தில் சேர்த்தோம். இயங்குதளக் கோப்பு முழுவதையும் ராமுக்குள் நகலெடுத்துக்கொள் என்பது அதன் பொருள். மேல்தாளையும் ராமிலேயே வைத்தோம். தொடங்குவதற்கு முன்பைவிட ஒரு நிமிடம் கூடுதலாக ஆனது. பிறகு நீல விளக்கு அணைந்துவிட்டது. எழுத்துகள் விரலோடு விரலாக வந்தன. "அண்ணா, இதைக் கழற்றலாமா?" என்று கேட்டார். கழற்றச் சொன்னேன். பென்டிரைவ் மேசைமேல் கிடந்தது, கணினி ஓடிக்கொண்டே இருந்தது.

ஆகவே பென்டிரைவைப் படிக்கும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள், எழுதும் இடமாக ஆக்காதீர்கள். எழுதுவதற்கு ராம் இருக்கிறது.

ராமில் ஏற்ற எவ்வளவு ராம் வேண்டும்?

சுருக்கிய இயங்குதளக் கோப்பின் அளவோடு குறைந்தது ஒரு ஜி.பி. மிச்சம் இருக்க வேண்டும். 4 ஜி.பி. என்றால் கவலையில்லை. 2 ஜி.பி.யில் பப்பி அல்லது ஆன்டிஎக்ஸின் சிறிய பதிப்பு. 1 ஜி.பி.யில் ராமில் ஏற்றாமல் மேல்தாளை மட்டும் ராமில் வையுங்கள், அதுவே பெரிய மாற்றம் தரும்.

அப்படியானால் அணைத்ததும் எல்லாம் போய்விடுமே?

மேல்தாள் ராமில் மட்டும் இருந்தால், ஆம். அதைத் தக்கவைக்கும் வசதிக்குத்தான் பெர்சிஸ்டன்ஸ் என்று பெயர். அது இரண்டு விதம், இந்த வேறுபாட்டைச் சொல்லாமலேயே பல கடைகளில் போட்டுத் தருகிறார்கள்.

முதல் விதத்தில் ஒவ்வொரு மாற்றமும் உடனுக்குடன் பென்டிரைவில் எழுதப்படும். எதுவும் தொலையாது, ஆனால் மேலே சொன்ன உறைதல் முழுவதும் கிடைக்கும். இரண்டாவது விதத்தில் மாற்றங்கள் ராமில் சேர்ந்துகொண்டிருந்து, அணைக்கும்போதோ நீங்கள் சொல்லும்போதோ மொத்தமாகப் பென்டிரைவுக்கு இறங்கும். ஆன்டிஎக்ஸில் இரண்டும் உண்டு. தொடக்கத் திரையில் பெயரில் 'ஸ்டாட்டிக்' என்று வருவது முதல் விதம். பப்பி இயல்பாகவே இரண்டாவது வழியில் நடக்கும், குறிப்பிட்ட இடைவெளியில் தானாகவும் சேமித்துக்கொள்ளும்.

என் ஏற்பாடு இப்படி: மென்பொருளும் அமைப்புகளும் இரண்டாவது விதத்தில். ஆவணங்களுக்குப் பென்டிரைவில் தனியாக ஒரு பார்ட்டிஷன் (பிரித்து வைத்த பகுதி), அதில் எழுதுவது நேரடி. கட்டுரை, படம், கணக்கு எதுவும் மேல்தாளுக்குள் கிடப்பதில்லை. மேல்தாள் கெட்டாலும் என் எழுத்து கெடாது.

பெர்சிஸ்டன்ஸ் கோப்பு எஃப்ஏடி32 என்ற வடிவமைப்பில் உள்ள பார்ட்டிஷனில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேல் வளராது. பெரிதாக வேண்டுமென்றால் லினக்ஸின் இஎக்ஸ்டி4 வடிவமைப்பில் உள்ள பார்ட்டிஷன் தேவை.

மின்சாரம் போனால்?

பழைய கணினிகளில் பேட்டரி பெயருக்குத்தான் இருக்கும், ஆகவே நியாயமான பயம். ராமில் இருந்த, இன்னும் இறங்காத மாற்றங்கள் போய்விடும். ஆவணத்தை நேரடிப் பார்ட்டிஷனில் சேமித்திருந்தால் அது இருக்கும். அரை மணிக்கு ஒருமுறை கையால் சேமிக்கும் பழக்கத்தை விரல்களுக்குக் கற்றுக்கொடுங்கள். பென்டிரைவில் எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் மின்சாரம் போவது இதைவிட மோசம், கோப்பமைப்பே சிதையக்கூடும். எழுதுவதைக் குறைத்தால் அந்த ஆபத்தும் குறைகிறது.

படத்தைப் பென்டிரைவில் எழுதுவது எப்படி?

விண்டோஸில் ரூஃபஸ் என்ற சிறிய கருவி போதும். டெபியன், உபுண்டு படங்களுக்குப் பெர்சிஸ்டன்ஸ் பார்ட்டிஷன் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று அங்கேயே ஒரு சறுக்குப்பட்டியில் இழுத்துச் சொல்லலாம். நிறையப் படங்களை முயன்று பார்க்க விரும்பினால் வென்டாய் நல்லது. பென்டிரைவில் ஒருமுறை அதை நிறுவிவிட்டால், பிறகு படக் கோப்புகளைச் சாதாரணமாக நகலெடுத்து வைத்தாலே பட்டியலில் வரும். எந்த லினக்ஸ் உங்கள் கணினிக்குப் பொருந்துகிறது என்று கண்டுபிடிக்கும்வரை வென்டாய், முடிவெடுத்த பின் அந்த லினக்ஸின் சொந்த லைவ் கருவி என்பது என் பழக்கம்.

பென்டிரைவில் இருப்பது எல்லாம் அழியும். எழுதுவதற்கு முன் எந்த டிரைவைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்று இரண்டு முறை பாருங்கள். வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருந்த கல்யாணப் படங்களைத் தொலைத்துவிட்டு வந்தவரிடம் சொல்ல என்னிடம் ஆறுதல் எதுவும் இருக்கவில்லை.

எழுதிய பிறகு 16 ஜி.பி. பென்டிரைவ் விண்டோஸில் சில எம்.பி. என்று காட்டுகிறதே, கெட்டுவிட்டதா?

கெடவில்லை. பார்ட்டிஷன் அட்டவணை மாறியிருக்கிறது, அந்தப் பார்ட்டிஷன்களில் ஒன்றை மட்டுமே விண்டோஸ் புரிந்துகொள்கிறது. மறுபடி சாதாரணப் பென்டிரைவாக வேண்டுமானால் ரூஃபஸில் துவக்கம் வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுத்து ஃபார்மேட் செய்தால் முழு இடமும் திரும்பிவிடும்.

பென்டிரைவைச் செருகியும் நேராக விண்டோஸுக்கே போகிறது.

இயக்கியவுடன் தொடக்கப் பட்டியலுக்கான விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஸ்கேப் அழுத்திப் பிறகு எஃப்9, ஆசுஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் எஃப்2 மூலம் பயாஸுக்குள் போய் அந்தப் பட்டியலை முதலில் செயல்படுத்த வேண்டும்.

பட்டியலில் பென்டிரைவே தெரியவில்லை என்றால், நீல நிற நாக்கு உள்ள யு.எஸ்.பி. 3 துளையிலிருந்து எடுத்துக் கறுப்பு நாக்கு உள்ள துளையில் செருகிப் பாருங்கள். சில பழைய பயாஸ்களுக்குத் தொடக்கத்தின்போது யு.எஸ்.பி. 3 தெரியாது.

அங்கீகரிக்கப்பட்ட இயங்குதளங்களை மட்டும் தொடங்க விடும் 'செக்யூர் பூட்' வசதியை அணைக்க வேண்டியிருக்கலாம். அதற்கு முன் ஒன்று: விண்டோஸில் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது சாதன மறையாக்கம் இயங்குகிறதா என்று பார்த்து, 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செக்யூர் பூட்டை மாற்றியதும் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கக்கூடும். சாவி இல்லையென்றால் உள்ளே இருக்கும் கோப்புகளை எவராலும் எடுக்க முடியாது.

லினக்ஸிலிருந்து விண்டோஸ் கோப்புகளைப் பார்க்கலாமா?

பார்க்கலாம். எழுத மறுத்தால், விண்டோஸ் முழுதாக அணையவில்லை என்று பொருள். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி அணைப்பதுபோல் காட்டிவிட்டுப் பாதி உறக்கத்தில் விடும். விண்டோஸில் ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ஷட்டவுன் கொடுத்துவிட்டு வாருங்கள். லினக்ஸில் வலுக்கட்டாயமாக எழுத முயலாதீர்கள்.

வைஃபை வரவில்லை.

ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்து யு.எஸ்.பி. டெதரிங்கைப் போடுங்கள். பெரும்பாலும் தனி டிரைவர் எதுவும் கேட்காமல் கம்பி இணைப்பு போல உடனே வேலை செய்யும். அந்த இணையத்தைக் கொண்டு வைஃபைச் சில்லுக்கான ஃபர்ம்வேரை (உள்நிரலை) இறக்குங்கள். டெபியன் 12 முதல் அதிகாரப்பூர்வப் படங்களிலேயே இத்தகைய ஃபர்ம்வேர்கள் சேர்ந்து வருவதால் இந்தத் தொல்லை முன்போல் இல்லை. பிராட்காம் சில்லுகள் மட்டும் இன்னும் சில நேரம் அடம்பிடிக்கும்.

எந்த இணையதளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பற்றது என்று எச்சரிக்கை வருகிறது. கடிகாரமும் தவறாக இருக்கிறது.

இரண்டும் ஒரே நோய். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 நாணய பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பத்துப் பதினைந்து ஆண்டு பின்னால் போயிருக்கும். இணையதளச் சான்றிதழ்கள் அந்தத் தேதியில் பிறக்கவே இல்லை, அதனால் உலாவி நம்ப மறுக்கிறது. தேதியைச் சரிசெய்யுங்கள், பேட்டரியை மாற்றுங்கள்.

சரியாக ஐந்தரை மணி நேரம் மட்டும் வேறுபட்டால் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தில் இந்திய நேரத்தை வைக்கிறது, லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. வன்பொருள் கடிகாரம் உள்ளூர் நேரத்தில் இருக்கிறது என்று லினக்ஸிடம் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா?

நன்றாகவே முடியும். ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ்5 என்ற தட்டச்சுக் கருவி, அதோடு எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பு ஆகியவற்றை நிறுவினால் தமிழ்99 உட்படப் பல விசைப்பலகை அமைப்புகள் வந்துவிடும். தமிழ்99, 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற அமைப்பு. அகரமேறிய மெய்க்கு ஒரே தட்டு என்பதால் நீண்ட கட்டுரைக்கு அதுவே கைக்கு இதம். எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் நோட்டோ அல்லது லோஹித் தமிழ் எழுத்துருவை நிறுவுங்கள். நிறுவிய கையோடு மாற்றங்களைப் பென்டிரைவுக்கு இறக்கிவிடுங்கள். தமிழ் அமைப்பை மறுபடி மறுபடி போட்டு அலுத்துப்போய் ஆங்கிலத்துக்கே திரும்பிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும்.

2 ஜி.பி. ராமில் உலாவி தாங்குமா? யூடியூப்?

மூன்று நான்கு தாவல்கள் தாங்கும். இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, இசட்ராமைச் செயல்படுத்துங்கள். ராமின் ஒரு பகுதியில் தரவைச் சுருக்கி வைத்து, உள்ள ராமையே பெரிதாக்கிக் காட்டும். ராம் நிரம்பும்போது வட்டில் பயன்படும் ஸ்வாப் இடத்தைப் பென்டிரைவில் வைக்கவே வைக்காதீர்கள், வேகமும் போகும், பென்டிரைவும் போகும். இரண்டு, ஃபயர்ஃபாக்ஸில் வட்டில் எழுதும் தற்காலிகச் சேமிப்பை அணைத்து, ராமை மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

யூடியூப் பெரும்பாலும் விபி9, ஏவி1 வடிவங்களில் காணொளியை அனுப்புகிறது. பழைய கணினிகளின் வரைகலைச் சில்லு எச்.264ஐ மட்டுமே தானாக விரிக்கும், மற்றவற்றைச் செயலி சுமக்கும். எச்264இஃபை என்ற நீட்சியைப் போட்டால் எச்.264 வடிவமே வரும். 480பி தரத்தில் பாடம் பார்க்கலாம். என்270 போன்ற முதல் தலைமுறை ஆட்டத்துக்கு அந்த வசதியும் இல்லை, அதில் 360பிக்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

விண்டோஸையே இப்படி ஓட்ட முடியாதா?

விண்டோஸ் டு கோ என்று ஒன்று இருந்தது. 2020இல் வந்த, விண்டோஸ் 10இன் '2004' என்ற எண்ணுள்ள பதிப்போடு அதை எடுத்துவிட்டார்கள். வேறு கருவிகளால் செய்யலாம், ஆனால் விண்டோஸ் ஓயாமல் எழுதும் இயல்புடையது. சாதாரணப் பென்டிரைவில் அது வேதனை.

பென்டிரைவ் தொலைந்தால் என் கடவுச்சொற்கள்?

எடுத்தவர் கையில். பெர்சிஸ்டன்ஸ் வைத்திருந்தால் மறையாக்கம் கட்டாயம் வேண்டும். ஆன்டிஎக்ஸின் லைவ் கருவியில் எழுதும்போதே அதற்கான தேர்வு இருக்கிறது. பிறகு சேர்க்க முடியாது, புதிதாக எழுத வேண்டும். வலுக்குறைந்த செயலியில் சற்று மெதுவாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பென்டிரைவ் எத்தனை நாள் உழைக்கும்?

நாளைக் கணக்கிட்டுச் சொல்ல முடியாது. அதன் செல்கள் ஒவ்வொன்றும் அழித்து எழுதுவதைச் சில நூறிலிருந்து சில ஆயிரம் முறைதான் தாங்கும். எழுதுவதைக் குறைத்து வைத்திருப்பவர்களிடம் ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. நேரடிப் பெர்சிஸ்டன்ஸும் ஸ்வாப்பும் வைத்தவர்களிடம் சில மாதத்தில் போனதைப் பார்த்திருக்கிறேன்.

சாவதற்கு முன் பெரும்பாலும் அறிகுறி காட்டும். தொடங்க வழக்கத்தைவிட நேரமாகும், சேமித்த அமைப்பு மறுநாள் பழையபடி இருக்கும், திடீரென்று எதையும் எழுத விடாமல் படிக்க மட்டும் விடும். கடைசியாகச் சொன்னது வந்துவிட்டால் அன்றைக்கே நகலெடுங்கள், அதற்கு மறுநாள் இருக்காது.

அமைப்பு முடிந்த அன்றே முழு பென்டிரைவையும் ஒரே கோப்பாக வேறொரு வட்டில் நகலெடுத்து வையுங்கள். மேற்சொன்ன மாணவிக்கு இரண்டு மெமரி கார்டுகள் கொடுத்தனுப்பினோம், இரண்டிலும் ஒரே அமைப்பு. ஒன்று ரீடரில் இருக்கிறது. இன்னொன்றை ஒரு காகித உறையில் போட்டு, வெளியே தேதி எழுதி, கணினிப் பையின் உள்ஜிப்பில் வைத்திருக்கிறார். மாதத்துக்கு ஒரு ஞாயிறு வந்து அந்த உறையில் புதுத் தேதியை எழுதிக்கொண்டு போகிறார்.